பொங்காத அடுப்பு

எங்கள் வீட்டுச் சமையலறையில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று: காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வருவது. மற்ற நேரத்தில் நான் உள்ளே தலையை நீட்டினால், "என்ன வேணும், சொல்லுங்க. நானே எடுத்துட்டு வரேன். நீங்க போய் உக்காருங்க" என்பாள் என் மனைவி. கேட்கிறவர்களுக்கு உபசாரம் மாதிரி இருக்கும். காய்கறிக் கடைக்குள் மாடு தலையை விட்டால் கடைக்காரர் எவ்வளவு வேகமாக எழுந்து வருவாரோ, அந்த வேகம் அதில் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான், கேஸ் அடுப்பா கரண்ட் அடுப்பா என்ற வழக்கில் இதுவரை இரண்டு முறை தீர்ப்பு வழங்கியிருக்கிறேன்.

முதல் தீர்ப்பு 2012ல், நாங்கள் திருச்சியில் இருந்தபோது. அந்த வருஷம் செப்டம்பர் 13ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மானிய விலையில் ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 6 சிலிண்டர்தான். ஏழாவது வேண்டுமென்றால் முழு விலை. எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் 40 நாள் வரும். 365ஐ 40ஆல் வகுத்தால் ஒன்பது. ஆக, மூன்று சிலிண்டருக்குத் தண்டம் அழ வேண்டும். நான் வங்கியில் வேலை பார்த்தவன். கணக்கில் தோற்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அன்று மாலையே ஒரு கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் இண்டக்ஷன் அடுப்பின் கண்ணாடி மேல் ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை விரித்தான். அதன் மேல் தண்ணீர் பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அமுக்கினான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாத்திரத்தைத் தூக்கினான். நோட்டு அப்படியே இருந்தது, ஓரம்கூடச் சுருங்கவில்லை. "பாத்தீங்களா சார், பணத்துக்குச் சேதாரமே கிடையாது" என்றான். அது அவன் நோட்டு. என் சட்டைப் பையில் இருந்த நோட்டுகளுக்குத்தான் மூவாயிரத்துச் சொச்சம் சேதாரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டு ஏன் எரியவில்லை என்று அம்மாவுக்கு விளக்கினேன். கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறுகிற மின்சாரம் ஓடும். மேலே காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தை வைத்தால், அதன் அடிப்பாகத்துக்குள்ளேயே மின்னோட்டம் சுழன்று பாத்திரம் தானாகச் சூடேறும்.

"அடுப்பு சுடாதும்மா. பாத்திரம்தான் சுடும்."

"அடுப்பே சுடலைன்னா அதுக்கு அடுப்புன்னு ஏண்டா பேரு?"

அம்மா விறகில் ஆரம்பித்து, ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கித் திரி ஸ்டவ்வில் சமைத்து, பம்ப் ஸ்டவ்வுக்குப் பின் குத்திக் கண் எரிந்து, கடைசியில் கேஸுக்கு வந்து சேர்ந்தவள். அந்தக் காலத்தில் கேஸ் இணைப்புக்கு எழுதிப் போட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பா எழுதிப் போட்டபோது நான் மூன்றாம் வகுப்பு. சிலிண்டர் வந்து இறங்கியபோது எட்டாம் வகுப்பு. வந்த புதிதில், கேஸில் சமைத்தால் வயிற்றில் கேஸ் சேரும் என்று சொல்லி மூன்று மாதம் அதன் மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். இப்போது அதே அம்மா, கரண்டில் சமைத்தால் உடம்புக்கு ஆகாது என்று கேஸுக்கு வக்காலத்து வாங்கினாள்.

நான் விடவில்லை. "இதுல சூட்டை நமக்கு வேணுங்கிற அளவுல நிறுத்தி வச்சுக்கலாம். பால் பொங்கவே பொங்காது" என்றேன்.

அம்மா அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தை மாசம் என்னடா பண்ணுவே?" என்றாள்.

தை மாசம் வரைக்கும் போக வேண்டிய அவசியமே வரவில்லை. 2012ஆம் வருஷக் கடைசியில் தமிழ்நாட்டின் வெளி மாவட்டங்களில் இருந்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாத மின்வெட்டு. மின்விசிறிக்கே மின்சாரம் இல்லாத நாட்களில் 2000 வாட் அடுப்பு வாங்கிய ஒரே புத்திசாலி எங்கள் தெருவில் நான்தான். குக்கரில் முதல் விசில் வந்து, இரண்டாவதுக்கு "ஸ்ஸ்" என்று ஆரம்பிக்கும்போது கரண்ட் போகும். அந்த அரை விசிலோடு சோறு ஒரு மணி நேரம் தவம் இருக்கும். மறுபடி கரண்ட் வந்து மூடியைத் திறந்தால், மேலே அரிசி, கீழே களி. ஒரு நாள் ஆத்திரத்தில் அடுப்பை இன்வெர்ட்டரில் செருகினேன். இன்வெர்ட்டர் ஒரு தடவை அலறிவிட்டு வீட்டையே இருட்டாக்கிற்று.

அடுப்பு பரணுக்குப் போனது. அடுத்த ஜனவரியில் அரசு 6 சிலிண்டரை 9 ஆக்கியது. அதற்கு அடுத்த வருஷம் 12 ஆக்கியது. எங்கள் தேவையே ஒன்பதுதான். நாலு மாதம் பொறுத்திருந்தால் போதும். பொறுமையாக இருந்தால் நான் ஏன் இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன்?

இரண்டாவது தீர்ப்பு 2023ல். அதற்குள் சென்னைக்கு வந்து குரோம்பேட்டையில் குடியேறியிருந்தோம். திருச்சி அடுப்பு பரணிலிருந்து எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. அந்த மார்ச் 1ஆம் தேதி வீட்டு சிலிண்டர் விலை 50 ரூபாய் ஏறி, சென்னையில் 1118 ரூபாய் 50 காசு ஆயிற்று. சிலிண்டர் போடுகிற தம்பிக்குக் கொடுப்பது தனி. அன்று இரவு நான் சாப்பிடாமல் கணக்குப் போட்டேன்.

சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். முழுக்க எரித்தால் கிட்டத்தட்ட 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு. ஆனால் அத்தனையும் பாத்திரத்துக்குப் போவதில்லை. நல்ல கேஸ் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பதே குறைந்தபட்சம் 68 சதவீதத் திறன்தான். மிச்சம், பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிச் சமையலறையைச் சூடாக்குகிறது. இண்டக்ஷனில் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை 144 யூனிட் செய்துவிடும். எங்கள் வீட்டு யூனிட் விலை 4 ரூபாய் 50 காசு. பெருக்கினால் 648 ரூபாய். சிலிண்டருக்கு 470 ரூபாய் லாபம்!

எழுந்து போய் மனைவியை எழுப்பினேன். "நாம இத்தனை வருஷமா பணத்தைக் கொளுத்திட்டு இருந்திருக்கோம்" என்றேன். "தூங்குங்க, காலைல கொளுத்திக்கலாம்" என்று அவள் திரும்பிப் படுத்தாள்.

இந்தத் தடவை விவரமாக இருந்தேன். அடுப்பு வாங்குவதற்கு முன்னால் வீட்டுப் பாத்திரங்களைச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். காந்தம் ஒட்டினால் இண்டக்ஷனில் ஏறும், ஒட்டாவிட்டால் ஏறாது. திருச்செந்தூரில் வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்த வேல் காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன். என் வாழ்க்கையில் அந்த அறைக்குள் வேலோடு நுழைந்தது அதுதான் முதல் முறை.

சூரசம்ஹாரம் நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை. இட்லிப் பானை அலுமினியம், ஒட்டவில்லை. குக்கரும் அலுமினியம். அம்மாவின் வெண்கலப் பானையில் வேல் வழுக்கி விழுந்தது. மீன் குழம்பு வைக்கிற மண்சட்டியில் ஒட்ட வைத்துப் பார்த்தபோது, "ஏங்க, அது மண்ணு" என்று மனைவி சொன்னாள். அடுத்தது எவர்சில்வர். அவள் அப்பா சீர் கொடுத்த அண்டா, தவலை, அடுக்குப் பாத்திரம், ஒன்றில்கூட ஒட்டவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி நான் வாங்கிக் கொடுத்தவை வரிசையாக இருந்தன. அவற்றில் வேல் 'டக்கு டக்கு' என்று ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? உங்க அப்பா குடுத்தது ஒண்ணும் தேறலை. நான் வாங்கினது அத்தனையும் தேறிடுச்சு!"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குக்கரும் வாணலியும் புதிதாக வாங்க அன்று சாயங்காலம் பாத்திரக் கடைக்குப் போனோம். இந்தக் காந்தக் கதையைக் கடைக்காரரிடம் நானே வலியப் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "நிக்கல் சேர்த்த ஒஸ்தி எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாதும்மா. நிக்கல் இல்லாத மட்ட ரகத்துலதான் பச்சுனு ஒட்டும். இண்டக்ஷனுக்குன்னே வர்ற பாத்திரத்துல அடியில மட்டும் அந்தத் தகட்டை வச்சு அடிச்சிருப்பாங்க" என்றார்.

கடையிலிருந்து வீடு ஒரு கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் அவள் வாயைத் திறக்கவில்லை. பதினேழு தீபாவளிகளுக்கு ஒரு நொடியில் தரச்சான்று கிடைத்த பிறகு திறந்துதான் என்ன?

அடுப்பு 3,500, பாத்திரங்கள் 4,200, ஆக மொத்தம் 7,700 ரூபாய் முதலீட்டில் திட்டம் தொடங்கியது. சாதம், பருப்பு, பால், டீ, காய் வேகவைப்பது இண்டக்ஷனில். மற்றவை கேஸில் என்று பாகப் பிரிவினை செய்துகொண்டோம். அதாவது, அவள் செய்துகொண்டாள். நான் அதில் தலையிட்டது ஒரே ஒரு தடவை, தோசைக்காக. தோசைக்கல் இரும்பு, காந்தம் நன்றாக ஒட்டுகிறது, ஏன் இண்டக்ஷனில் வார்க்கக் கூடாது? "வாத்துக் காட்டுங்க" என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டாள். அடுப்புக்குள் இருக்கிற செம்புச் சுருளின் அகலம் ஒரு சாண்; கல்லின் அகலம் ஒன்றரைச் சாண். நடுவில் கருகி, ஓரத்தில் மாவாகவே இருக்கிற ஒரு வஸ்து வந்தது. கிரிக்கெட் மைதானத்தை மேலே இருந்து பார்த்தால் நடுவில் பிட்ச் தெரியுமே, அந்த மாதிரி. தாளிப்பதற்காக வாணலியைத் தூக்கிச் சுழற்றினாலும் இந்த அடுப்பு 'கீ கீ' என்று கத்தும். பாத்திரத்தைக் காணோமாம். கடுகு வெடிக்கிற சத்தத்தை வைத்தே பதம் பார்க்கிறவளுக்கு, அடுப்பும் சேர்ந்து கத்தினால் எப்படியிருக்கும்? அப்பளத்தைத் தீயில் வாட்டுவது, துவையலுக்குக் கத்தரிக்காய் சுடுவது எல்லாம் தீ இல்லாத அடுப்பிடம் கேட்கவே கூடாத கேள்விகள்.

இரண்டு மாதம் கழிந்தது. அதற்குள் ஒன்றரை சிலிண்டர் ஆகியிருக்க வேண்டும், முக்கால்தான் ஆகியிருந்தது. மிச்சம் முக்கால் சிலிண்டர், 839 ரூபாய். நான் மீசையை முறுக்கிக்கொண்டு இ.பி. கணக்கெடுக்க வருகிறவருக்காக வாசலில் காத்திருந்தேன்.

வழக்கமாக எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகும். பில் 1,245 ரூபாய். இந்தத் தடவை 528 யூனிட். பில் 2,174 ரூபாய்.

கூடுதலாக ஓடியது 108 யூனிட். நான் போட்ட கணக்குப்படி 486 ரூபாய்தான் ஏற வேண்டும். 929 ரூபாய் ஏறியிருக்கிறது. நான் விட்ட ஓட்டை எங்கே என்று அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அன்றைய கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை போய், முன்னால் ஓடிய யூனிட்டுகளுக்கும் 4 ரூபாய் 50 காசு ஆகிவிடும். தாண்டியவற்றுக்கு யூனிட் 8 ரூபாய். சரியாக 500ல் நிறுத்தியிருந்தால் பில் 1,725 ரூபாய். கடைசி 28 யூனிட்டுக்கு மட்டும் நான் கொடுத்த விலை 449 ரூபாய். யூனிட் 16 ரூபாய்!

இது ரகசியம் ஒன்றும் இல்லை. வாடகை வீட்டுப் பையன்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கட்டண அட்டவணையின் நடு வரியை மட்டும் படித்துவிட்டுத் திட்டம் தீட்டிய முன்னாள் வங்கி ஊழியனுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. 839 ரூபாய் மிச்சம் பிடிக்க 929 ரூபாய் செலவு. நிகரம், 90 ரூபாய் நஷ்டம். போட்ட 7,700 ரூபாய் எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டேன். திரும்பி வராது, அதற்குத் துணையாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொண்ணூறு ரூபாய் கிளம்பிப் போகும்.

தோல்வியை ஒப்புக்கொண்டு, காலையில் அடுப்பைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனேன். "எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள்.

"நஷ்டம்மா. பரண்ல போட்டுடறேன்."

"அது இங்கயே இருக்கட்டும்."

எனக்குப் புரியவில்லை. தோசை வராது, அப்பளம் வராது, காசும் மிச்சமில்லை. அப்புறம் எதற்கு? அவள் பதில் சொல்லாமல் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு சின்ன மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது அங்கே இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"கேஸ் எரிஞ்சா இதைப் போட முடியாதுங்க, தீ அலையும். இதுல போட்டுக்கலாம்."

அது மே மாதம். நான் ஹாலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, 14.2 கிலோவில் எத்தனை சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது என்று தசமப் புள்ளி வரை கணக்குப் போட்டேன். பாத்திரத்துக்குப் போகாத அந்த 32 சதவீதம் 'சமையலறையைச் சூடாக்குகிறது' என்று என் கையாலேயே எழுதியும் வைத்திருந்தேன். அந்தச் சமையலறைக்குள் ஓர் ஆள் நிற்கிறாள் என்பதுதான் என் கணக்கில் எந்தப் பத்தியிலும் வரவில்லை. அந்த வாரம் அவளுக்கு மணிக்கட்டில் சுளுக்கு விழுந்து, நான் இரண்டு நாள் அடுப்பு முன்னால் நின்றேன். முதல் நாள் கேஸில் சாம்பார் வைத்தேன். சாம்பாரை விட எனக்குத்தான் அதிகமாகக் கொதித்தது. மறுநாள் யாரும் சொல்லாமலேயே இண்டக்ஷனுக்கு மாறி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். தொண்ணூறு ரூபாய் சல்லிசு என்று தோன்றியது.

நான் தீர்ப்புச் சொன்னால் நாட்டுக்கு நன்மை நடக்கும் என்பது இந்தத் தடவையும் நிரூபணமானது. ஆகஸ்ட் 30ஆம் தேதி சிலிண்டர் விலை ஒரேயடியாக 200 ரூபாய் குறைந்தது. "நீங்க அடுப்பு வாங்கினது டெல்லி வரைக்கும் தெரிஞ்சிடுச்சு போல" என்றாள் அம்மா.

ஆனாலும் எனக்கு அடங்கவில்லை. நவம்பரில், "அதான் ரெண்டு அடுப்பு இருக்கே, ரெண்டாவது சிலிண்டர் எதுக்கு? திருப்பிக் குடுத்தா டெபாசிட் பணம் வரும்" என்று ஆரம்பித்தேன். "மழை மாசம் போகட்டுங்க" என்றாள். டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னையே மிதந்தது. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டுப் பெண். அவர்கள் வீட்டில் கேஸே கிடையாது. எல்லாம் மேடையில் பதித்த மின் அடுப்பு. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பால் பாத்திரம்.

"அக்கா, கேஸ் இருக்கா?"

"இருக்கும்மா, உள்ள வா" என்றாள் மனைவி. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அன்று இரவு எங்கள் ஒரு பர்னரில் மூன்று வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் காய்ந்தது. நடுவில் கேஸ் தீர்ந்தது. நான் அந்த இரண்டாவது சிலிண்டரை மெழுகுவத்தி வெளிச்சம்கூட இல்லாமல், ரெகுலேட்டரை முறைப்படி மூடி, இருட்டில் உருட்டி வந்து மாற்றினேன். அது ஒன்றுதான் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பும் இருக்கின்றன. கொதிக்க வேண்டியவை மின்சாரத்தில். வதங்க, சுட, முறுகலாக வேண்டியவை கேஸில். தைப் பொங்கலுக்கு வெண்கலப் பானை கேஸில் ஏறுகிறது, பொங்குகிறது. காலைப் பாலும் டீயும் என் பொறுப்பு, இண்டக்ஷனில். ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கினால் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய் மீட்டரைப் பார்க்கிறேன். 480 ஆகியிருந்தால் வெந்நீர்கூடக் கேஸில்தான்.

நீங்கள் இந்த அடுப்பா அந்த அடுப்பா என்று யோசித்துக்கொண்டிருந்தால், கடைக்குப் போகுமுன் மூன்று காரியம் செய்யுங்கள். போன வருஷத்து இ.பி. பில்களை எடுத்துப் பாருங்கள். ஒரு காந்தத்தை எடுத்துப் பாத்திரங்களைத் தொட்டுப் பாருங்கள். ஆனால் எதில் ஒட்டியது என்று பெருமை பேசாதீர்கள். கடைசியாக, மே மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, உங்கள் வீட்டு அடுப்பு முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். அதற்கு மேல் கணக்குப் போட வேண்டிய தேவை இருக்காது.